கடைசியாகப் பெற்ற சம்பளம்

அந்தக் குழாய அப்படி முழுசாத் திருகாதீங்க பாஸ்டர், கையோட வந்துரும்... பாத்தீங்களா, வந்துருச்சு! குடுங்க இப்படி. இதுக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு. பாதி திருகி, லேசா மேல தூக்கி, மறுபடி திருகணும். முன்னாடி இருந்த பாஸ்டருக்கு இதெல்லாம் அத்துப்படி. பதினாலு வருஷம் இந்தக் குழாயோட குடும்பம் நடத்தினவரு. அவரு இருந்தவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. போன மறுநாளே ஒழுக ஆரம்பிச்சிருச்சு. குழாயையும் நானே பாக்கணும், கமிட்டியையும் நானே பாக்கணும், ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தையும் நானே பண்ணணும்னா நான் என்ன மனுசனா, மிஷினா? நீங்களே சொல்லுங்க.

சரி வாங்க, முன் ரூமுல உக்காந்து பேசுவோம். அந்தச் சுவத்துல சாயாதீங்க, சட்டையில சுண்ணாம்பு ஒட்டிக்கும். அந்த நாற்காலி வேணாம், ஆடும். இதுல உக்காருங்க... இதுவும் ஆடும், ஆனா கொஞ்சமாத்தான் ஆடும். பாஸ்டருக்கு சபை குடுக்கற வீடு இதுதான், எப்படி? சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. காத்து வருது பாருங்க. ஜன்னல் சாத்தாது, அதனால எப்பவும் காத்து வந்துக்கிட்டே இருக்கும்.

நீங்க நல்ல நேரத்துல வந்தீங்க பாஸ்டர். இன்னிக்கு என்ன தேதி... இருபத்தெட்டு. தலைமை ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள நிரந்தரமா ஒரு போதகர் வரலன்னா, நம்ம சபைய எதிர்த்தெரு சபையோட சேத்துருவாங்களாம். எதிர்த்தெருவோட! அங்க ஒரு செயலாளர் இருக்கான், பல் டாக்டரு. என்னைப் பாத்தா சிரிப்பான் பாருங்க, முப்பத்திரெண்டும் தெரியும். நான் இங்க இருபத்திரெண்டு வருஷமா செயலாளர். ரெண்டு சபையும் சேந்தா ஒரு செயலாளர்தானே இருக்க முடியும்? அவன் உக்காந்துக்குவான், நான் போய் அவன்கிட்ட காணிக்கைப் பை வாங்கிக்கிட்டு நிக்கணும். அதுக்கு நான் இருக்கிற நாலு பல்லையும் புடுங்கிக்கிட்டு வீட்டுல கெடப்பேன்.

ஆறு மாசமா நான்தான் பிரசங்கம் பண்றேன் பாஸ்டர். மொத வாரம் நூத்தெண்பது பேரு. போன வாரம் நாப்பத்தொண்ணு. அதுல பாட்டுக்குழு பதினாறு பேரு, அவங்க எல்லாருக்கும் எதிர்ல உக்காந்திருக்காங்க, நடுவுல எந்திரிச்சுப் போக முடியாது. என் சம்சாரமே ரெண்டு வாரமா தலைவலின்னு சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற தலைவலி! அப்படி என்ன பண்ணிட்டேன்? ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் சூப்பிரண்டா இருந்தவன், கொஞ்சம் பாயிண்ட் பாயிண்ட்டாத்தான் பேச வரும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுவேன். போன வாரம் பாயிண்ட் பத்தொம்பதுக்கு வரும்போது சபையக் கூட்டிப் பெருக்கறவன் ஃபேன நிறுத்திட்டான்.

இதுக்கு முன்னாடி மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. உக்காந்து நல்லாத்தான் பேசினாங்க. அப்புறம் போனவங்க போனவங்கதான். இந்தக் காலத்து ஊழியக்காரங்களுக்கு ஒரு வாஞ்சை கெடையாது பாஸ்டர், நான் உங்களச் சொல்லல. உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது, நீங்க அப்படிப்பட்டவர் இல்ல. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசல பாருங்க, அதுதான் அழகு.

எல்லாம் அந்தப் பழைய பாஸ்டர் போனதால வந்த வினை. உலகப்பிரகாரமான வேலைக்குப் போயிட்டாரு பாஸ்டர்! அதுவும் எங்கன்னு நெனைக்கிறீங்க? லிஃப்ட் கம்பெனிக்கு! சிரிக்காதீங்க, நெசமாத்தான். யாராவது லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டா உள்ள ஒரு சிவப்புப் பட்டன் இருக்குமே, அத அமுக்கினா இவருக்குத்தான் போன் போகும். மெக்கானிக் போய்ச் சேர்ற வரைக்கும் இவரு பேசிக்கிட்டே இருக்கணும். பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன், மூச்ச மெதுவா விடுங்க, வீட்டுல பிள்ளைங்க எத்தனை பேருன்னு... அவ்வளவுதான் வேலை. அதத்தான் இங்கயும் பண்ணிக்கிட்டிருந்தாரு! மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணுவாங்க, இவரு பேசுவாரு. அங்க போய் அதையே பண்றதுக்கு அறுபத்தெட்டாயிரம்! எட்டு மணி நேரந்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் உக்காந்தாலும் தனிக் காசு. ஞாயித்துக்கிழமை லீவு. பாஸ்டருக்கு ஞாயித்துக்கிழமை லீவு! கேட்டாலே வயிறு எரியுதா இல்லையா?

இங்க எவ்வளவுன்னா கேக்கறீங்க? அதுக்கு வர்றேன், இருங்க. தொகை என்ன பெரிய தொகை, மொதல்ல சபையோட மனசப் புரிஞ்சுக்கணும்.

நம்ம சபையில ஒரு நல்ல பழக்கம் உண்டு. வருஷக் கூட்டத்துல சம்பள விஷயம் வரும்போது பாஸ்டர் எந்திரிச்சு வெளிய போயிருவாரு. யாரும் போகச் சொல்றதில்ல, நாங்க சும்மா அவர் முகத்தப் பாப்போம், அவரா போயிருவாரு. வராந்தாவுல தண்ணி டிரம் பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பாரு. எதுக்குன்னா, நாங்க மனசு விட்டுப் பேசணும்ல? அந்தக் கதவும் சரியாச் சாத்தாது, பேசறது எல்லாம் வெளிய கேக்கும், அது வேற விஷயம். போன வருஷம் ஒலிபெருக்கி மாத்தறதப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினோம். சம்பளத்துக்கு அஞ்சு நிமிஷம். பாதி நாள் விசுவாசிங்க வீட்டுலதானே சாப்பிடறாரு, அவருக்கு என்ன செலவுன்னு ஒருத்தர் சொன்னாரு. ஜாஸ்தி குடுத்தா ஜெபம் கொறஞ்சுரும்னு இன்னொருத்தர் சொன்னாரு. அது... நான்தான். வெளையாட்டுக்குச் சொன்னது பாஸ்டர்! எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஐநூறு கூட்டினோம். அவர உள்ள கூப்பிட்டு முடிவு ஜெபம் பண்ணச் சொன்னோம். எங்க ஒவ்வொருத்தர் குடும்பத்தையும் சொல்லி, பதினோரு பேருக்கும், எவ்வளவு உருக்கமா நன்றி சொன்னாருங்கறீங்க! அப்படி இருந்தவரு.

இதுல என் சம்சாரம் என்னைத்தான் குத்துவா. ஏன்னா நான் ஆபீஸ்ல இருந்தப்ப சங்கத்துக்கும் செயலாளர். சம்பளம்னா என்னன்னு என்கிட்ட கேளுங்க, சட்டப் புஸ்தகம் வேணாம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, கஷ்டப்படி, எல்லாம் கரைச்சுக் குடிச்சவன். சலவைப்படின்னு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன் பாருங்க! மேனேஜர் ரூம் வாசல்ல மூணு நாள் பாய் விரிச்சு உக்காந்தோம். நாற்காலியில உக்காந்து எழுதறவனுக்கு எதுக்குய்யா சலவைப்படின்னு கேட்டாங்க. ஏன், எங்களுக்கு வேர்க்காதான்னு கேட்டேன். குடுத்துட்டாங்க! இவ சொல்றா, உங்க சட்டைக்கு ஒரு படி இருக்கு, அந்த மனுசன் அங்கிக்கு ஒண்ணும் கெடையாதான்னு. அங்கி சபையோட சொத்து பாஸ்டர். சொத்துக்கு எப்படிப் படி குடுக்கறது? சட்டத்துல எடமே இல்ல. சொன்னா அவளுக்குப் புரியல.

டீ குடிக்கறீங்களா? வேணாமா? நல்லதாப் போச்சு, அடுப்பு இல்ல. அத அவரு சொந்தக் காசுல வாங்கினாரு, எடுத்துட்டுப் போயிட்டாரு.

பதினாலு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் வாயத் திறந்து கேட்டாரு. அவரு பொண்ணுக்கு காலேஜ்ல எடம் கெடைச்சிருந்துச்சு. நல்லா படிக்கிற பொண்ணு. இதே ரூமுலதான். நான் இங்க, அவரு அங்க, அந்த ஆடற நாற்காலியில. தயங்கித் தயங்கி... ஐயா, சம்பளத்தக் கொஞ்சம் கூட்ட முடியுமா, பொண்ணு ஃபீஸ் கட்டணும்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு ஊழியக்காரர் இப்படிக் கேக்கலாமா? கேட்டுட்டாரே! நான் ஒண்ணும் கடுமையாச் சொல்லல பாஸ்டர். இதப் பத்தி ஜெபிப்போம்னு சொன்னேன். சொன்னதோட விடல, உடனே நானே ஜெபம் பண்ணினேன். பதினோரு நிமிஷம். கண்ணத் திறந்து பாத்தா அவரு எனக்கு முன்னாடியே கண்ணத் திறந்து அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஆமென்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு. மறுநாளே வேலைக்கு மனு போட்டிருக்காரு!

மனு போடவாவது தெரிஞ்சுதா? அதுவும் இல்ல. அந்தக் கதைய அவரே சொன்னாரு, சிரிச்சுக்கிட்டே. மொத கம்பெனியில, எவ்வளவு சம்பளம் எதிர்பாக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க. நான் எதையும் எதிர்பாத்து வரலீங்கன்னு சொல்லியிருக்காரு. அவங்களும் ரொம்ப சந்தோஷம்னு சொல்லி அனுப்பிட்டாங்க! பழக்க தோஷம் பாஸ்டர், நாக்கு அப்படியே பழகிருச்சு. ரெண்டாவது எடத்துல, இப்ப எவ்வளவு வாங்கறீங்கன்னு கேட்டிருக்காங்க. பதினஞ்சாயிரத்து ஐநூறுன்னாரு. வாரத்துக்கான்னு கேட்டிருக்காங்க. மாசத்துக்குன்னாரு. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களாம். இந்த வயசு, இந்தப் படிப்பு, இந்தச் சம்பளம்னா ஆளு எங்கயோ தப்புப் பண்ணி மாட்டினவன்னு நெனச்சிருப்பாங்க. வாசல் வரைக்கும் ஒரு ஆள் கூடவே வந்து விட்டுட்டுப் போனானாம், எதையாவது தூக்கிட்டுப் போயிருவாருன்னு.

மூணாவதுதான் இந்த லிஃப்ட் கம்பெனி. அவங்க ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. கடைசியாகப் பெற்ற சம்பளம்னு ஒரு கட்டம். அத வேலை குடுத்தவங்களே சீல் வச்சு எழுதிக் குடுக்கணும். பாஸ்டர் அத எடுத்துக்கிட்டு யார்கிட்ட வருவாரு? செயலாளர்கிட்டதானே வரணும். வந்தாரு.

இங்கதான் பாஸ்டர் ஒரு விஷயம் இருக்கு. அந்த லிஃப்ட் கம்பெனி மேனேஜர் யாருன்னு நெனைக்கிறீங்க? பல் டாக்டரோட மச்சான்! எதிர்த்தெரு சபை! பதினஞ்சாயிரத்து ஐநூறுன்னு நான் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? சாயங்காலமே பல் டாக்டர் காதுக்குப் போயிரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊரே சிரிக்கும். ஒலிபெருக்கி மட்டும் புதுசுன்னு சொல்லுவான். சபை மானம் என்ன ஆவுறது? அதுக்காகத்தான் நான்... சபைக்காகத்தான், எனக்காக இல்ல.

இன்னொண்ணும் நெனச்சேன், மறைக்க மாட்டேன். நல்லாப் பெரிய தொகையா எழுதிட்டா எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்? இவ்வளவு சம்பளக்காரர் நமக்குத் தாங்காதுன்னு கைய விரிச்சிருவான். இவரும் வேற வழியில்லாம திரும்பி வந்துருவாரு. பல் டாக்டரும் வாயடைச்சுப் போவான். ஒரே பேப்பர்ல ரெண்டு வேலை முடிஞ்சிரும். எப்படி ரோசனை? முப்பத்தாறு வருஷ சர்வீஸ் பாஸ்டர், சும்மாவா!

நாளைக்கு வாங்க, எழுதி வைக்கிறேன்னு சொல்லி அனுப்பிட்டு உக்காந்தேன். சும்மா ஒரு தொகையப் போட்டா சந்தேகம் வரும், வகைப்படுத்தி எழுதணும். அடிப்படைச் சம்பளம் பதினஞ்சு ஐநூறு. வீட்டு வாடகைப்படி, இந்த வீட்டுக்கு. அப்புறம் யோசிச்சேன், வேற என்ன படி போடலாம்னு. அந்த மனுசன் என்னென்ன பண்ணினாரு? சபைக் கட்டடத்துக்குக் கூரை போட்டப்ப மேஸ்திரி பாதியில கம்பி நீட்டிட்டான், இவரு ரெண்டு மாசம் வெயில்ல நின்னு வேலை வாங்கினாரு. சரி, மேற்பார்வைப்படி. அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரு மதில் சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போனவங்க, இவரு எட்டு மாசம் மாறி மாறிப் போய்ப் பேசி, கேஸ வாபஸ் வாங்க வச்சாரு. அதுக்கு வக்கீல் என்ன கேட்டிருப்பான்? எழுது. ஞாயிறு பள்ளியில பாடம் நடத்தினது, எழுது. பதினாலு வருஷமா ஒரு நாள் விடுமுறை எடுக்கல, அதையும் சட்டப்படி காசாக்கணும், எழுது.

பயணப்படிக்கு வந்தேன் பாஸ்டர். எங்கெல்லாம் போனாருன்னு யோசிச்சேன். மொதல்ல ஞாபகம் வந்தது என்னான்னா... என் சம்சாரத்துக்குக் கண்ணுல ஒரு வியாதி வந்துச்சு. வாரத்துல ரெண்டு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எனக்கு சபை வேலை, ஒலிபெருக்கிக்கு விலை விசாரிக்கற வேலை. இவருதான் அந்த ஓட்டை ஸ்கூட்டர்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ஏழு மாசம். பெட்ரோல் யாரு போட்டான்னு நான் அன்னிக்கு வரைக்கும் கேட்டதே இல்ல. பேனாவ வச்சுட்டு அடுப்படிக்குப் போய் அவகிட்ட கேட்டேன். ஏன், அவருதான் போட்டாரு, உங்ககிட்ட கேக்கலாம்னு சொன்னேன், வேணாங்கம்மான்னுட்டாருன்னா. அதச் சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க... சரி விடுங்க.

திரும்பி வந்து எழுதி முடிச்சுக் கூட்டிப் பாத்தேன். ஐம்பத்தோராயிரம். தப்பாக் கூட்டிட்டேனோன்னு கீழேருந்து மேல கூட்டினேன். அதே ஐம்பத்தோராயிரம். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, பொய் எழுதணும்னுதான் பாஸ்டர் உக்காந்தேன். சுத்தப் பொய்யா எழுதணும்னுதான். எழுதி முடிச்சா ஒரு வரிகூடப் பொய்யில்ல. அத்தனையும் அவரு செஞ்சது. அதுக்கெல்லாம் காசு வாங்கினாருன்னு நான் எழுதினது ஒண்ணுதான் பொய்.

ஆனாலும் சீல் வச்சேன். கவர ஒட்டிக் குடுத்துட்டேன், அவரு பாத்தா கிழிச்சுப் போட்டுருவாரு, அவ்வளவு நேர்மையான ஆளு. அந்தக் கம்பெனியில என்ன வழக்கமோ, கடைசியா வாங்கின சம்பளத்துக்கு மேல மூணுல ஒரு பங்கு சேத்துக் குடுப்பாங்களாம். கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா அறுபத்தெட்டு! பயந்து ஓடுவாங்கன்னு நான் நெனச்சா, இத்தனை வேலை தெரிஞ்ச ஆளா, விடாதேன்னு புடிச்சுக்கிட்டாங்க. இவரு பேப்பரப் பாத்துட்டு, ஐயா, நான் இவ்வளவு வாங்கவே இல்லன்னு உண்மையச் சொல்லியிருக்காரு. வாங்காட்டி என்ன, இந்த வேலையெல்லாம் செஞ்சீங்களா இல்லையான்னு கேட்டிருக்காங்க. செஞ்சேன்னாரு. அப்ப உக்காருங்கன்னுட்டாங்க. பல் டாக்டர் மச்சானுக்கு இருக்கிற புத்தி...

அன்னிக்கு சாயங்காலம் நேரா என்கிட்ட வந்தாரு. சண்டை போடுவாருன்னு நெனச்சு நாலு பாயிண்ட் தயார் பண்ணி வச்சிருந்தேன். சண்டையே போடல. இதெல்லாம் நான் செஞ்சது உங்களுக்குத் தெரியுமாங்கய்யான்னு கேட்டாரு. அவ்வளவுதான். தெரியாமலா வரிசையா எழுதினேன்? சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. எத்தனையோ மேனேஜருங்க என்னைத் திட்டியிருக்காங்க, ஒண்ணும் ஒட்டல. இது ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது பாஸ்டர்.

அதனாலதான் சொல்றேன், நீங்க வந்துட்டா எல்லாம் சரியாயிரும். புதுசா ஆரம்பிப்போம். பழைய தப்பெல்லாம் இனி நடக்காது, நான் பொறுப்பு. ஆங்... என்ன? தொகையா? திரும்பத் திரும்ப அங்கயே வர்றீங்களே! சொல்றேன், சொல்றேன். உங்களுக்காகக் கூட்டியிருக்கோம் பாஸ்டர். பழையவருக்குப் பதினஞ்சு ஐநூறு. உங்களுக்கு... பதினாறு! முழுசாப் பதினாறாயிரம்! வந்ததும் வராததுமா ஐநூறு கூட!

ஏன் எந்திரிக்கறீங்க? பாத்ரூம்னா அந்தப் பக்கம்... வாசப் பக்கம் போறீங்களே. செருப்பு மாட்டறீங்களா? இருங்க இருங்க, பதினேழு! தண்ணி வரி நாங்க கட்டிருவோம்! பாஸ்டர்! நில்லுங்க, என் செருப்பு எங்க போச்சு... சரி, பதினெட்டு, குழாய மாத்திருவோம்! ரோட்டப் பாத்து, வண்டி வருது பாருங்க! இருபது பாஸ்டர், அடுப்பு புதுசு! பஸ்ஸுக்கு எதுக்கு இப்படி ஓடறீங்க, அடுத்த பஸ் அஞ்சு நிமிஷத்துல வரும்... இருபத்தஞ்சு! முப்பது! ஐயோ, ஏறிட்டாரே... பாஸ்டர், அந்த ஜன்னல் பக்கம் வாங்க, இந்தா, இந்தப் பேப்பரப் பாருங்க! நாப்பது! நாப்பது வரைக்கும் பேசி முடிச்சிருங்கன்னு கமிட்டி போன மாசமே தீர்மானம் போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, என் சட்டைப் பையில குடுத்திருக்காங்க பாஸ்டர்! கொஞ்சம் மிச்சம் புடிச்சுக் காட்டலாமேன்னுதான்... கண்டக்டர், ஒரு நிமிஷம்ப்பா! முன்னாடி வந்த மூணு பேருக்கும் இத நான் காட்டவே இல்ல பாஸ்டர், உங்களுக்குத்தான் மொத மொதல்ல காட்டறேன்... பாஸ்டர்!